எழுதியவர்: பாரம்பரியம்

2025 ஜனவரி 17, வெள்ளி

பொங்கல் முடிந்த கையோடு வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு காற்று வாங்குகிறது. ஆளில்லாத தெருவைப் பார்த்து "வாங்கம்மா வாங்க, ரெண்டு நைட்டி எடுத்தா மூணாவது பாதி விலை" என்று காலையிலிருந்து கூவினேன். ஜவுளிக்கடை வாசலில் மைக் பிடிப்பது என் வேலை. கூட்டம் இல்லாதபோதுதான் நன்றாகக் கூவ வேண்டும் என்பார் முதலாளி. அவர் தொண்டையா கட்டுகிறது?

மத்தியானம் சாப்பிட்டு உட்கார்ந்தபோது பீம்ராவ் வந்தான். சாலமோன் அண்ணாச்சியின் உப்பு லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், எம்.கே.பி. நகர் ஆள். வந்த வேகத்தில் போனை என் காதில் வைத்தான்.

"அக்கா, இத்த கேளு. ஒண்ணியும் பேசாத, கேளு."

திம் திம் என்று ஒரு அடி. ஒருத்தன் இங்கிலீஷில் கடகடவென்று எதையோ கொட்டுகிறான். நடுவில் ஒரு பொம்பளைக் குரல், இழுத்து, கனமாக, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி:

வெள்ளக்கல்லு வந்திருக்கு, வாசல் வந்து நிக்குது
கையில வேணாம் தாயே, மடியில வாங்கிக்கோ

என் குரல்.

"என் வண்டில தெனிக்கும் கத்திகினு கீறது நீதானக்கா? அமெரிக்காகாரன் பாட்டுல இன்னா பண்ற நீ?"

எனக்கென்ன தெரியும்!

ஜனவரி 18, சனி

அந்தக் கூவலை எப்படிப் பதிந்தோம் என்பதை எழுதி வைக்கிறேன். நாளைக்கு நானே மறந்துவிடக் கூடாது.

லாக்டவுன் முடிந்த சமயம். அண்ணாச்சி வண்ணாரப்பேட்டையில் உப்பு மொத்த வியாபாரம். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். தெருத்தெருவாக வண்டி விடப் போகிறேன், ஒரு குரல் வேண்டும் என்று என்னை குடோனுக்குக் கூப்பிட்டார். காலைச் சுற்றுக்கு "உப்பே, கல்லுப்பே" என்று நேராகக் கூவிக் கொடுத்துவிட்டேன். சாயங்காலச் சுற்றுக்குத்தான் சிக்கல். விளக்கு வைத்த பிறகு உப்பு என்று வாயாலேயே சொல்லாத வீடுகள் இருக்கின்றன. உப்பைக் கைக்குக் கை வாங்கினால் சண்டை வரும் என்கிறவர்களும் இருக்கிறார்கள். "உப்புன்னு சொல்லாம உப்பு விக்கணும் தங்கச்சி, எப்படியாவது பண்ணு" என்றார்.

மூட்டைமேல் உட்கார்ந்து யோசித்தேன். வெள்ளைக்கல்லு என்று வைத்தேன். கையில் வேண்டாம், மடியில் வாங்கு என்று வைத்தேன். மாதா கோயில் பாடற்குழுவில் இருந்த தொண்டை, கொஞ்சம் இழுத்தேன். ஒரு டீ ஆறுகிற நேரம், வேலை முடிந்தது.

அண்ணாச்சி வண்டிக்குப் பதிந்து கொடுத்த அந்த ஒரு மெமரி கார்டிலிருந்து எத்தனை கார்டு குட்டி போட்டதோ, இன்று விம்கோ நகர், எண்ணூர் வரைக்கும் யார் உப்பு விற்றாலும் என் குரல்தான். என்னைக் கேட்டுக் காப்பி எடுத்தவர் ஒருவர் இல்லை. எனக்குக் கோபம் வந்ததும் இல்லை. பஸ்ஸில் போகும்போது காதில் விழுந்தால் பெருமையாகத்தான் இருக்கும்.

ஜனவரி 19, ஞாயிறு

பூசை முடிந்து வந்து டெரிக்கின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் போனில் எல்லாவற்றையும் தேடினேன். என் வீட்டுக்காரருக்கு ஹார்பரில் கண்டெய்னர் சரிபார்க்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமை போனைப் பிடுங்கினால் பிடிக்காது. பிடுங்கினேன்.

பாடியவன் பெயர் கிட் ஹார்பர். துறைமுகத்துப் பையன் என்று அவனே வைத்துக்கொண்ட பேர். பாட்டின் பெயர் "நேம்லெஸ் மதர்". பெயரில்லாத தாய்.

எழுதியவர்கள் என்று ஒரு இடம் இருக்கிறது. அதில் நாலு பெயர். மூன்று பேர் ஆம்பளைகள். நாலாவது, "டிரெடிஷனல்". பாரம்பரியம்.

பாரம்பரியம் எழுதினதாம்! பாரம்பரியம் மூட்டைமேல உக்காந்து எழுதிச்சா? நான் எழுதினேன்யா.

அவன் ஜாதகம் முழுவதையும் பார்த்துவிட்டேன். முதலில் ஒரு மிக்ஸ்டேப், நெட்டில் சும்மா கொடுத்தது. முதல் ஆல்பம் அவர்களுடைய இருநூறு இடப் பட்டியலில் 164. இரண்டாவது 71. மூன்றாவது பட்டியலை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தனிப்பாட்டுகள் டஜன் கணக்கில், அதில் ஒன்றே ஒன்று நூறு பாட்டுப் பட்டியலில் 93ஆம் இடத்தில் ஒரு வாரம் தலைகாட்டிவிட்டுப் போயிருக்கிறது. டிசம்பரில் இந்தப் பாட்டு. இப்போது 88. மூழ்கிக்கொண்டிருந்தவன் என் முந்தானையைப் பிடித்து ஏறுகிறான்.

"பேரா சோறு போடுது? வுடு ஜானு" என்றார் டெரிக்.

ஜனவரி 22, புதன்

பாட்டு 71. அவர்கள் ஊரில் செவ்வாய்க்கிழமை பட்டியல் வரும். நமக்குப் புதன் காலை.

ஜனவரி 25, சனி

அவன் பேட்டி பார்த்தேன். பேசுவது பாதிதான் புரிந்தது, கீழே எழுத்து ஓடியதால் பிழைத்தேன். அவன் அம்மா துறைமுகத்துக் கேண்டீனில் வேலை பார்த்தவளாம். போன வருடம் செத்துப்போனாளாம். அப்போது இந்தக் குரலைக் கேட்டானாம். "இது ஆயிரம் வருடப் பழைய ஒப்பாரி. இறந்த பிள்ளையைக் கையில் அல்ல, மடியில் வாங்கிக்கொள் என்று தாயிடம் சொல்கிறார்கள்" என்கிறான். சொல்லும்போது அழுகிறான். நிஜமான அழுகை. அவனுக்குப் பின்னால் கிரேன்கள் நிற்கின்றன, அப்படியே நம் ஹார்பர்.

எனக்கும் ஒரு நிமிடம் கண் கலங்கியது. பொய் சொல்ல மாட்டேன்.

பிறகு கோபம் வந்தது. அவன் அம்மாவுக்கு அவன் அழட்டும். அதற்கு என்னை ஏன் ஆயிரம் வருடத்துக்கு முன்னால் கொண்டுபோய்ப் புதைக்க வேண்டும்? எனக்கு வயது நாற்பத்து மூன்று. உயிரோடு இருக்கிறேன். விற்றது உப்பு. பெயரில்லாத தாயாம். எனக்குப் பெயர் இருக்கிறது. பிள்ளைதான் இல்லை. இரண்டையும் மாற்றி எழுதியிருக்கிறான் பாவி.

ஜனவரி 29, புதன்

44. அவன் பாட்டை வெளியிட்ட கம்பெனிக்கு மெயில் எழுதிவிட்டேன். கான்வென்ட்டில் அடிவாங்கிப் படித்த இங்கிலீஷ், இப்போதாவது உதவட்டும். நான்கு வரி. நான் யார், எங்கே பதிந்தது, நான்தான் எழுதினேன், பாரம்பரியத்தை எடுத்துவிட்டு என் பெயரைப் போடவும்.

பிப்ரவரி 6, வியாழன்

பதில் வந்துவிட்டது. மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார்கள். இந்தக் கூவல் மூன்று தலைமுறைப் பழையது, அதற்குத் தனி ஆசிரியர் கிடையாது, வண்டியின் உரிமையாளரே கேமரா முன்னால் சொல்லியிருக்கிறார் என்று ஒரு வீடியோவை அனுப்பியிருக்கிறார்கள்.

பார்த்தேன். ஊர் சுற்றி வீடியோ போடுகிற யாரோ ஒருவன் போன வருடம் எடுத்தது. சாலமோன் அண்ணாச்சி வெள்ளைச் சட்டையில், "பாரம்பரியம் மிக்க உப்பு வணிகம்" என்ற தன் போர்டுக்கு முன்னால் நின்று, "இது எங்க தாத்தா காலத்துக் கூவல் தம்பி. மூணு தலைமுறையா இப்படித்தான் கூவுதோம்" என்கிறார். பின்னால் பீம்ராவின் வண்டியில் என் குரல். அமெரிக்காக்காரன் இதிலிருந்துதான் எடுத்திருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் போன மாதம் திறந்த பிரியாணிக் கடைக்கும் பாரம்பரியம்தான். செல்போன் ரிப்பேர் கடைகூடப் பாரம்பரியம்தான். போர்டு எழுதுகிறவன் கேட்காமலே சேர்த்துவிடுகிறான். படிக்கிற யாரும் நம்புவதில்லை. அமெரிக்காவில் நம்பிவிட்டார்கள்.

பிப்ரவரி 7, வெள்ளி

குடோனுக்கே போனேன்.

"யம்மா தங்கச்சி, பாரம்பரியம்னு சொன்னாத்தானே சனம் வாங்கும்? எல்லாவனும்தான் சொல்லுதான். நான் என்ன கோர்ட்லயா சொன்னேன்? கேமராலதானே சொன்னேன்."

சரி, அதே கேமராவில் மாற்றிச் சொல்லுங்கள் என்றேன். முகம் கறுத்துவிட்டது.

"இப்போ மாத்திச் சொன்னா என் போர்டு என்னத்துக்கு ஆவும்? மார்க்கெட்ல ஒரு பய மதிப்பானா? ஊரே உன் குரலக் காப்பி அடிக்கான், அப்பல்லாம் சும்மாத்தானே இருந்தே?"

இந்தக் கேள்வி சுட்டது. இருந்தேன்தான். பீம்ராவ் வண்டியில் நான் கூவினால் அது ஜானட் அக்கா என்று எங்கள் தெருவுக்கே தெரியும். பெயர் எழுதாவிட்டாலும் பெயர் இருந்தது. அமெரிக்காக்காரன் எழுதியவர் என்ற இடத்தில் என்னை அழித்துவிட்டு வேறொன்றை எழுதியிருக்கிறான். இரண்டும் ஒன்றா?

அப்போது இப்படி அழகாக வரவில்லை. வாங்க போங்க எல்லாம் பறந்துவிட்டது. "அப்ப உன் பாரம்பரியத்தயே கூப்டு அண்ணாச்சி. அது வந்து கத்தட்டும் உன் வண்டில. என் குரலு நாளைலேர்ந்து கெடயாது" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

குரலை எப்படி நிறுத்துவேன் என்று பஸ் ஏறின பிறகுதான் யோசித்தேன். கார்டு அவர் வண்டியில் அல்லவா இருக்கிறது!

பிப்ரவரி 8, சனி

நான் யோசித்தது வீண். குடோன் சண்டையைக் கேள்விப்பட்டு காலையிலேயே பீம்ராவ் போன் செய்தான்.

"கார்ட கழட்டிட்டேன்க்கா. மத்த வண்டி பசங்களும் கழட்டிட்டானுங்க. அண்ணாச்சி கத்திகினு கீறாரு, கத்தட்டும். உன் பேர சொல்ல அந்தாளுக்கு வாய் வர்ல, உன் வாய வச்சி உப்பு மட்டும் விக்கணுமா?"

உப்பு தின்றவன் தண்ணி குடிப்பான் என்பார்கள். அண்ணாச்சிக்குத் தாகம் எடுக்கட்டும்.

பிப்ரவரி 12, புதன்

19. என் குரல் அமெரிக்காவில் ஏறுகிறது. எங்கள் ராயபுரத்தில் உப்பு வண்டி ஊமையாகப் போகிறது.

பிப்ரவரி 15, சனி

அண்ணாச்சி தன் மருமகள் ராமசெல்வியைக் கூவவைத்துப் பதிந்திருக்கிறார். அதே வரிகள். நல்ல பெண், பள்ளிக்கூடத்தில் உறுதிமொழி எடுப்பது மாதிரி சொல்லியிருக்கிறாள். விம்கோ நகரில் ஏதோ அரசாங்க அறிவிப்பு என்று நினைத்து ரேஷன் கார்டோடு வந்து நின்றார்களாம். பீம்ராவ் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். "அக்கா, எனக்கு இந்த வேலை வேண்டாம்க்கா. மாமாட்ட நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் சொன்னா கேக்க மாட்டாவ."

நான் சொன்னால் மட்டும்?

பிப்ரவரி 19, புதன்

9.

முதல் பத்துக்குள் போய்விட்டான். வண்ணாரப்பேட்டை முழுக்க அதே பாட்டு. நம் முதலாளியும் சும்மா இருப்பாரா, பெரிய ஸ்பீக்கரில் அதைப் போட்டுவிட்டு, "நடுவுல நடுவுல நைட்டி சொல்லும்மா" என்றார். என் குரலுக்கு மேலே நானே கூவ வேண்டும்.

நாலு தடவை கூவினேன். ஐந்தாவது தடவை "மடியில வாங்கிக்கோ" என்று வந்தபோது பொறுக்கவில்லை. மைக்கைக் கிட்டே பிடித்து, "இப்ப கேக்குதே, இந்தக் குரலு என்து. நான் எழுதி நான் கூவுனது. செத்தவங்க பாட்டு இல்ல, உப்பு வண்டி. என் பேரு ஜானட்" என்றேன். தெருவே நின்று பார்த்தது. இரண்டு பெண்கள் சிரித்தார்கள். கட்டைப்பையோடு நின்ற ஒரு அம்மா மட்டும், "அட ஆமா, எங்க தெருவுல சாய்ந்தரம் வர்ற வண்டி! நீதானா அது?" என்று கிட்டே வந்து என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

முதலாளி திட்டினார். திட்டட்டும். அந்தப் பாட்டுக்கு இனி நான் மைக் பிடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பாட்டை நிறுத்திவிட்டார்.

பிப்ரவரி 21, வெள்ளி

டெரிக்குக்கு ஹார்பரில் கிண்டல். "சாவுப்பாட்டு வூட்டுக்காரரு வர்றாரு" என்கிறார்களாம். சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். போதும் ஜானு, அசிங்கமாகீது என்பார் என்று நினைத்தேன்.

"ஒப்பாரி இல்லடா, அது உப்பு வண்டி, என் பொண்டாட்டி எழுதுனதுன்னு சொன்னேன். எவனும் நம்பல. நான் ஒருத்தன் சட்டைய புட்சிட்டேன்" என்றார்.

பேர் சோறு போடாது என்றவர். தோசை ஊற்றிக் கொடுத்தேன், நெய் விட்டு.

பிப்ரவரி 26, புதன்

12. இறங்க ஆரம்பித்துவிட்டது. எனக்குப் பதற்றம். பாட்டு பேச்சில் இருக்கும்போதே கேட்டால்தான் உண்டு, ஆறிப்போன பிறகு என் மெயிலை யார் பிரிப்பார்கள்?

மார்ச் 1, சனி

அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார். வண்டிகள் மூட்டையை அப்படியே திருப்பிக்கொண்டு வருகின்றனவாம். வேறு குரல் வைத்தால் ஜனங்கள் வெளியே வந்து எட்டிப் பார்ப்பதில்லையாம்.

"வியாபாரத்துக்காக மட்டும் வரல தங்கச்சி" என்றார். டெரிக் நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

"எங்க தாத்தா உப்பே வித்தது கெடையாது. கருப்பட்டி. எங்கப்பா தீப்பெட்டி ஏஜென்சி வச்சு நொடிச்சுப் போனாவ. ஊர்ல தலைகாட்ட முடியாம மெட்ராசுக்கு வந்து உப்பு ஆரம்பிச்சது நான்தான். மொத தலைமுறைன்னா எவன் கடன்ல சரக்கு குடுப்பான்? அதான் மூணாக்கிட்டேன். நாளைக்கே கேமரால மாத்திச் சொல்லுதேன்."

தன் சொந்தப் பெயரைத் தானே தாத்தாவுக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்திருக்கிறார் மனுஷன். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் பாதி போய்விட்டது. மீதிப் பாதியை வீடியோ எடுக்கும்வரை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

மார்ச் 2, ஞாயிறு

குடோனில் வைத்து பீம்ராவ் போனிலேயே எடுத்தான். அண்ணாச்சி அதே வெள்ளைச் சட்டை. போர்டைத் துணியால் மூடலாமா என்று பீம்ராவ் கேட்டதற்கு, "இருக்கட்டும்டே, தெரியட்டும்" என்றார்.

"நான் சொன்னது பொய். இது எங்க தாத்தா கூவல் இல்ல. எங்க தாத்தா கருப்பட்டி யாவாரி. இதை எழுதிக் கூவுனது இந்தா நிக்காவளே, ராயபுரம் ஜானட். நான்தான் கூப்பிட்டு வந்தேன், இந்த மூட்டைல உக்காந்துதான் செஞ்சாவ."

பிறகு என்னைக் கூவச் சொன்னார்கள். காலைக் கூவல், சாயங்காலக் கூவல், இரண்டும். கூவினேன்.

கம்பெனிக்கு அனுப்பிவிட்டேன். பீம்ராவ் தன் பங்குக்கு வடசென்னை முழுக்க அனுப்பியிருக்கிறான்.

திங்களிலிருந்து வண்டியில் கார்டைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

மார்ச் 5, சாம்பல் புதன்

23. நெற்றியில் சாம்பலோடு கடைக்குப் போனேன். தவக்காலம், கோபத்தைக் குறைக்கலாம் என்று சாமியார் சொன்னார். யோசிக்கிறேன் ஃபாதர்.

மார்ச் 13, வியாழன்

கம்பெனி வழிக்கு வந்திருக்கிறது, ஆனால் குறுக்கு வழிக்கு. ஒரு தொகை தருகிறார்களாம். வரப்போகிற ஆல்பத்தில் "நன்றி" என்ற இடத்தில் என் பெயரைப் போடுகிறார்களாம். எழுதியவர் இடத்தில் மட்டும் பாரம்பரியம் அப்படியே இருக்கட்டுமாம், அதை மாற்றுவது சிரமமாம். கையெழுத்துப் போட்டு அனுப்பு என்கிறார்கள்.

டெரிக் தொகையை இரண்டு தடவை படித்தார். அந்தத் தொகை எங்கள் வீட்டுக்குச் சின்னத் தொகை இல்லை, அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஊரான் வீட்டு நெய்யே என் பொண்டாட்டி கையே என்கிற கதையாக, என் வரியை எடுத்துக்கொண்டு எனக்கே நன்றி சொல்கிறார்களாம். நன்றி எதற்கு? நான் என்ன அவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்தேனா?

மார்ச் 14, வெள்ளி

இரண்டு வரிப் பதில். "நன்றி வேண்டாம். எழுதியவர் இடத்தில் எழுதியவர் பெயரைப் போடவும்."

அனுப்பின பிறகு போச்சு, எல்லாம் போச்சு என்று தோன்றியது. டெரிக் என் தோளில் கை வைத்து, "வுடு, இவ்ளோ நாளும் சாப்டுகினுதான கீறோம்" என்றார்.

மார்ச் 19, புதன்

58. பதில் இல்லை.

மார்ச் 22, சனி

நேற்று அவன் நாலாவது ஆல்பம் வந்துவிட்டது. என் பாட்டு மூன்றாவது பாட்டு. திறந்து பார்த்தேன். எழுதியவர்கள் நாலு பேர். பாரம்பரியம் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. நன்றியிலும் நான் இல்லை.

ரொம்ப நேரம் மொட்டைமாடியில் துணி எடுக்காமல் நின்றேன். தப்பு பண்ணிட்டனா? தொகைய வாங்கியிருக்கலாமோ? — இல்லை. வாங்கியிருந்தால் இதே பக்கத்தை என் கையெழுத்தோடு பார்க்க வேண்டியிருக்கும்.

மார்ச் 26, புதன்

பாட்டு 86. ஆல்பம் இன்னும் பட்டியலில் ஏறவில்லை, அடுத்த வாரம் தெரியும் என்கிறார்கள். அவன் வாழ்நாளில் பெரிய ஆல்பம் இதுவாகத்தான் இருக்குமாம்.

ராத்திரி வேலை முடிந்து வந்தால் கம்பெனியின் வக்கீலிடமிருந்து மெயில். ஆல்பம் விற்கிற நேரத்தில் தகராறு வேண்டாம் என்று பார்த்தார்களோ என்னவோ. ஒரே கேள்வி: "உங்கள் பெயர் எப்படி வர வேண்டும்?"

மூன்று முறை படித்தேன். டெரிக்கைப் படிக்கச் சொல்லி நாலாவது முறை கேட்டேன். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஜானட் டெரிக்னு போடேன். நல்லாகீது" என்றார்.

"மூட்டமேல உக்காந்து கூவுனது நீயா?" என்றேன். சிரித்துவிட்டார். ஜானட் என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.

ஏப்ரல் 2, புதன்

ஆல்பம் 6ஆம் இடம். பாட்டு நூறுக்குள் இல்லை. மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே பார்த்தேன், இல்லை. எம்.சி. ரோட்டில்கூட வேறு பாட்டுக்குப் போய்விட்டார்கள். பீம்ராவ் துக்கம் விசாரிப்பது மாதிரி வந்து நின்றான். "போச்சேக்கா. லிஸ்ட்லயே காணோமே."

போனை வாங்கி அந்தப் பாட்டைத் திறந்து அவனிடம் காட்டினேன். அவன் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தான். எழுதியவர்கள், நாலு பேர். நாலாவது பெயரைச் சத்தம் போட்டு இரண்டு முறை படித்தான். கடைப் பெண்கள் எல்லாம் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

அவர்கள் போன பிறகு நான் ஒருமுறை தனியாகப் பார்த்தேன். கம்பெனிக்காரர்கள் வெட்கப்பட்டு அந்தப் பழைய பெயரை எங்காவது மூலையில் வைத்திருப்பார்களோ என்று முழுவதும் தேடினேன். பாரம்பரியத்தை எங்கேயும் காணோம்.